அதுக்குள்ள சம்மதிச்சுட்டாளா?

மேடையில ஓடுன காதல் காமெடிகளைச் சினிமாவா எடுத்த கதையை யார் பேச ஆரம்பிச்சாலும் நேரா ஷேக்ஸ்பியர்கிட்ட போய் நிக்கறாங்க. நம்ம ஆளுங்களும் அவரைச் சும்மா விடல. 1949ல கே. ராம்நாத் இயக்கத்துல வந்த 'கன்னியின் காதலி', அவரோட 'ட்வெல்த் நைட்'தான். கண்ணதாசன் சினிமாவுக்கு முதன்முதலா பாட்டு எழுதினது அந்தப் படத்துக்கு. 1963ல ஏ.டி. கிருஷ்ணசாமி எடுத்த 'அறிவாளி', 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ'. சிவாஜியும் பானுமதியும் அப்படி மல்லுக்கட்டியும் இன்னிக்கு ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கறது தங்கவேலு - டி.பி. முத்துலட்சுமி பூரி சுடற காமெடிதான். ஷேக்ஸ்பியர் மன்னிப்பாராக :)

நான் சொல்ல வந்தது வேற. எனக்கு ஊரு காமயகவுண்டன்பட்டி. கம்பத்துக்குப் பக்கம், ஊரைச் சுத்தி திராட்சைப் பந்தல். கோயில் திருவிழான்னா எங்க பக்கம் ஸ்பெஷல் நாடகம் போடுவாங்க. ஸ்பெஷல் நாடகத்துல முக்காவாசி 'வள்ளி திருமணம்'. சாமி கதைங்கறதால அதை பக்தி லிஸ்ட்ல சேர்த்துட்டோம். ஆனா கொஞ்சம் யோசிங்க மக்களே. தினைப்புனத்துல பரண் மேல நின்னு கவண் வீசிக் குருவி ஓட்டற ஒரு பொண்ணு. வேடன் வேஷத்துல வந்து வம்பிழுக்கற ஒருத்தன். நடுவுல கோள்மூட்டி ஒரு நாரதர். அவன் கிழவனா வேஷம் போடறான், விக்கலெடுக்குதுன்னு நடிக்கறான், கடைசியில அண்ணனைக் கூப்பிட்டு யானையா வரச் சொல்லிப் பயமுறுத்தறான். இது காதல் காமெடி இல்லாம வேற என்னவாம்?

நாடக வடிவம் சங்கரதாஸ் சுவாமிகளோடது. 1867ல பிறந்து 1922ல மறைஞ்சவர். பாட்டும் வசனமும் அவர் கட்டிக் குடுத்துட்டுப் போனது. ஆனா நடிக்க வர்றவங்க அதோட நிக்க மாட்டாங்க. ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் எல்லாரையும் தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. ஒத்திகை கிடையாது. சாயங்காலம் தனித்தனியா வந்து இறங்கி, ராத்திரி மேடையில ஒருத்தரையொருத்தர் சந்திப்பாங்க. பபூன் காமெடியும் டான்ஸும் முடியவே நடுராத்திரி ஆயிடும். அதுக்கப்புறம்தான் விஷயமே.

அதுக்குப் பேரு தர்க்கம். நாரதர் - வள்ளி தர்க்கம் ஒண்ணு, வேலன் - வள்ளி தர்க்கம் ஒண்ணு. நீ யாரு, உன் ஊரு எது, எங்கிட்ட எதுக்குப் பேச்சுக் குடுக்கறன்னு ஆரம்பிச்சு, ஆம்பளை ஒசத்தியா பொம்பளை ஒசத்தியா வரைக்கும் போகும். அவர் ஒரு பாட்டு எடுத்து விட்டா அதே மெட்டுல இந்தம்மா பதில் பாடணும். நடுவுல ஆர்மோனியக்காரர் ஒரு நக்கல் விடுவார், கூட்டத்துலேருந்து யாராவது குரல் குடுப்பாங்க, அதையும் சேர்த்துச் சமாளிக்கணும். ராஜபார்ட்டை மடக்கற அளவுக்கு ஸ்திரீபார்ட்டுக்கு வாய் இல்லேன்னா மறுநாள் டீக்கடையில நாடகத்தையே கிழிச்சிடுவாங்க. முருகன் கல்யாணம் பண்ணிக்கப் போறார்னு கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனாலும் வள்ளி மசியாம நிக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பொம்பளைங்க பக்கம் சிரிப்பு கூடிட்டே போகும்.

எங்க அம்மாச்சி அதுக்காகவே போகும். பபூன் வர்றப்ப சாக்கை விரிச்சுத் தூங்கிடும். "தர்க்கம் வந்தா எழுப்பி விடுறா"ன்னு எங்கிட்ட சொல்லி வெச்சிருக்கும். பள்ளிக்கூடம் படிக்கறப்ப ஒருதடவை கேட்டேன், "ஏன் அம்மாச்சி, எப்படியும் கட்டிக்கத்தான போறா, என்னத்துக்கு இம்புட்டுப் பேச்சு?" அம்மாச்சி வெத்தலையை ஒதுக்கிட்டுச் சொல்லுச்சு: "என்னய ஒரு வார்த்தை கேட்டாகளா? பரிசம் போட்டுட்டு வந்துதேன் சொன்னாக. அவளத்தேன் விடிய விடிய கேக்குறாக. கேக்கட்டுமே." அப்ப எனக்கு அது பெருசா உறைக்கல. அதுக்குக் கல்யாணம் ஆனப்ப வயசு பதினாலு.

இப்ப சினிமாவுக்கு வர்றேன். 'வள்ளி திருமணம்' 1933லயே படமா வந்தாச்சு, டி.பி. ராஜலட்சுமி வள்ளியா நடிச்சது. 'காளிதாஸ்' கதாநாயகியேதான், அவரும் மேடையிலேருந்து போனவர். 1945ல ஏவி.எம்மோட 'ஸ்ரீவள்ளி'. நம்ம சோழவந்தான் பக்கத்துத் தென்கரை டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. மகாலிங்கம் கிட்டப்பா பாணியில உச்சஸ்தாயியில போய் நின்னா தியேட்டரே நிமிர்ந்து உக்காருமாம். ருக்மிணி பாடினது மட்டும் மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியா இல்ல. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வெச்சு அந்தக் குரலை மாத்திட்டார். பாட்டு நல்லாத்தான் அமைஞ்சது, சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு ஒரு உறுத்தல். மேடையில வள்ளிக்கு இருந்த ஒரே ஆயுதம் அந்த இடத்துல, அந்த நேரத்துல அவ வாயிலேருந்து வர்ற பதில்தான். படத்துல அந்த வாயும் குரலும் வேற வேற ஆளோடதா போச்சு.

1961ல மறுபடி 'ஸ்ரீவள்ளி', டி.ஆர். ராமண்ணா இயக்கம். சிவாஜி முருகன், பத்மினி வள்ளி. பழைய முருகன் மகாலிங்கம் இதுல நாரதர் ஆயிட்டார்! இந்தப் படம் டிவியில போட்ட ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாச்சியைப் பிடிச்சு உக்கார வெச்சேன். சிவாஜின்னா உசுரு அதுக்கு. நல்லாத்தான் பார்த்துட்டிருந்துச்சு. கடைசியில திரும்பிக் கேட்டுச்சு பாருங்க:

"ஏப்பா, அதுக்குள்ள சம்மதிச்சுட்டாளா?"

எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமா எழுதிட முடியாது. மேடையில சில மணி நேரம் ஓடறதை ரெண்டரை மணி நேரப் படத்துக்குள்ள அடைக்கணும். எதை வெட்டுவாங்க? பாட்டை வெட்ட முடியாது, அதுக்குத்தான் டிக்கெட். டான்ஸை வெட்ட முடியாது, பத்மினி இருக்காங்க. யானையை விட முடியாது. அப்ப கழியறது அவ பேச்சுதான். கேமராவுக்கு ஒரு வசதி வேற இருக்கு. முகத்துக்குக் கிட்ட போய், அவ கண்ணைத் தாழ்த்தற மாதிரி ஒரு ஷாட் வெச்சா சம்மதம்னு ஆயிடும். மேடையில பத்தாவது வரிசைக்குக் கண்ணு தெரியாது. அதனால வள்ளி ஒவ்வொண்ணையும் வாயால சொல்லியே ஆகணும்.

இது நம்ம ஊருக்கு மட்டும் நேர்ந்ததுன்னு நினைச்சிடாதீங்க. பெர்னார்ட் ஷாவோட 'பிக்மேலியன்' நாடகத்துல பூக்காரப் பொண்ணு எலைசா, தனக்கு நாகரிகம் சொல்லிக் குடுத்த பேராசிரியரை விட்டுட்டு வெளியே நடந்துடுவா. 1914ல லண்டன்ல அதை மேடையேத்தினப்பவே நடிகர் கடைசியில அவளுக்குப் பூ வீசி, ஏதோ காதல் மாதிரி ஆக்கிட்டார்னு ஷா கொதிச்சார். அவ வேற ஒருத்தனைத்தான் கட்டிக்கிட்டான்னு பக்கம் பக்கமா பின்னுரை எழுதி அச்சுல போட்டார். என்ன பிரயோஜனம்? 1938ல படமா வந்தப்ப கடைசிக் காட்சியில எலைசா திரும்பி வந்துட்டா. அந்தத் திரைக்கதைக்கு ஷாவுக்கு ஆஸ்கர் வேற! 1964ல 'மை ஃபேர் லேடி'யும் அதே முடிவு. பொண்ணு 'மாட்டேன்'னு சொல்ற இடத்துல சினிமாவுக்கு எங்கேயும் கை நடுங்குது போல.

படமாகாமலே போன வள்ளி திருமணம் ஒண்ணும் இருக்கு. கே.பி. சுந்தராம்பாள் வள்ளி, எஸ்.ஜி. கிட்டப்பா வேலன். மேடையில பாட்டாலேயே மோதிக்கிட்ட ரெண்டு பேரும் 1927ல நிஜமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1933 டிசம்பர்ல கிட்டப்பா போயிட்டார், முப்பது வயசு கூட ஆகல. ஒரு படத்துலயும் அவர் நடிக்கல. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினாங்க, ஆம்பளை நடிகர் கூட ஜோடியா நடிக்கறதில்லன்னு முடிவெடுத்தாங்க. 1935ல முதல் படம் 'பக்த நந்தனார்'ல அவங்களே நந்தனார் வேஷம் கட்டினாங்க. அந்த ரெண்டு பேரோட தர்க்கம் எப்படி இருந்திருக்கும்னு கேட்க இன்னிக்கு ஒரு வழியும் இல்ல.

யானையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க ஊர் மேடையில யானைன்னா ஆல்ரவுண்ட் வாசிக்கறவர் போடற சத்தம்தான். வள்ளி 'ஐயோ யானை'ன்னு கத்தினதும் கூட்டம் சிரிக்கும். 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளயே வந்துட்டப்ப யாருக்கும் சிரிப்பு வரல. பிள்ளைகளை உள்ள இழுத்துக் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தோம். அதுக்கப்புறம் அந்தக் காட்சியைப் பார்த்தா எனக்கு முருகன் மேல கொஞ்சம் கோவம்தான். பேச்சுல ஜெயிக்க முடியலேன்னு யானையைக் கூப்பிடறது என்ன நியாயம்? அம்மாச்சி இருந்திருந்தா இதுக்கும் ஏதாவது சொல்லியிருக்கும்.

இப்பல்லாம் மேடையிலேயே தர்க்கம் சுருங்கிட்டு வருது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல வந்த சட்ட விதி. திருவிழா நாளுக்குத் தளர்வு குடுத்தாலும் பன்னண்டு மணி வரைதான். போலீஸ் அனுமதி கெடுபிடியா இருக்கற ஊர்ல நாடகத்தை முன்கூட்டியே ஆரம்பிச்சு வேகவேகமா முடிக்கறாங்க. சினிமா செஞ்ச அதே வெட்டு இங்கேயும். பபூனைக் குறைச்சா கூட்டம் கத்தும், கல்யாணத்தை விட்டா சாமி குத்தம்.

ஆனா ஒரு வேடிக்கை. திருவிழா நாடகங்களை இப்ப யாராவது ஒரு வீடியோக்காரர் முழுசா எடுத்து யூடியூப்ல ஏத்திடறார். கேமராவை ஸ்டாண்டுல நிறுத்திட்டு அப்படியே விட்டுடறாங்க. குளோசப் கிடையாது, கட் கிடையாது, நடுவுல டீ குடிக்க எழுந்து போறவர் தலை மறைக்குது, மைக் கிரீச்சுங்குது. ஸ்ரீவள்ளி எடுத்த பெரிய பேனர்காரங்க எவராலும் முடியாததை இந்த மனுஷங்க சும்மா நின்னே பண்ணிடறாங்க. போன வாரம் அப்படி ஒண்ணைத் தூக்கம் வராம போட்டுட்டு உக்காந்தேன். மொத்தம் ஆறு பாகம். நாலாவது முடியறப்ப மணி ரெண்டே கால். வேலன் குரல் கட்டிப்போய் சோடா கேக்கறார். வள்ளி இன்னும் பரணை விட்டு இறங்கல.