பிள்ளையின் கையைக் கொஞ்சம் விடுவோமா?



தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கும் எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு எழுத்து வராவிட்டால் பின்னால் நின்று, கையைப் பிடித்து எழுத வைப்போம். பத்துத் தடவை, இருபது தடவை. கையை விட்டதும் பிள்ளை பழையபடி முழிக்கும். "இவனுக்கு மண்டையில ஏறாது" என்று முடிவு கட்டிவிடுவோம்.

போன தவணை ஒரு பிள்ளையின் உம்மாவிடமே அப்படிச் சொல்லிவிட்டோம்.

பிறகு ஒருநாள், மட்டையில் பசை பூசி மணல் தூவிச் செய்த 'அ' ஒன்றை அவனிடம் கொடுத்து, வழக்கம்போல விரலைப் பிடித்தோம். கையை உருவிக்கொண்டான். "விடுங்க டீச்சர், நானே தடவிப் பார்க்கிறன்."

கண்ணை மூடிக்கொண்டு தடவினான். சுழியில் விரல் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு கொப்பியை எடுத்து எழுதினான். கோணல்தான், ஆனால் 'அ'தான்.

கலாசாலையில் படித்த ஒரு பரிசோதனை அப்போதுதான் ஞாபகம் வந்தது. 1962இல் ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பிஸ்கட் வெட்டும் அச்சுகளை வைத்துச் செய்தது. பார்க்காமல், தாங்களாகவே விரலால் தடவியவர்கள் நூற்றுக்கு 95 தடவை வடிவத்தைச் சரியாகச் சொன்னார்கள். அதே அச்சை இன்னொருவர் உள்ளங்கையில் அழுத்தியபோது 49 தடவைதான்.

தோல் ஒன்றுதான், அச்சும் ஒன்றுதான். ஆனால் நாமாக விரலை அசைக்கும்போது, அடுத்து என்ன தட்டுப்படும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. விரல் சொல்வது கணிப்போடு ஒத்துவராவிட்டால் விரலைத் திருப்பி அனுப்பித் தேடுகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட ஏலாததும் இந்தக் கணிப்பினால்தான். வரப்போகும் தொடுகை மூளைக்கு முதலே தெரிந்துவிடுகிறது. சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

நாங்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது, எங்கே திரும்புவது என்று தீர்மானிப்பது எங்கள் மூளை. பிள்ளை தேடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பென்சில் பிடிக்கக் காட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு கையை விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுமையாக நிற்கப் பழக வேண்டியது நாங்கள்தான்.

இந்தக் கிழமை அந்த உம்மாவைப் பாடசாலைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.