44 மணித்தியாலங்கள்

2013 பனிக்காலம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், சென்ரெனியல் கல்லூரி மாலை வகுப்பில் நாங்கள் மூன்றுபேர். மூவருக்கும் ஒரே குசினியில் வேலை, மூவருக்கும் யாழ். பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் நின்றுபோனது. கையில் வெங்காய மணம் போகாமலே மவுஸைப் பிடித்தோம்.

வேர்ட் சுலபமாகப் பிடிபட்டது. எக்செல்தான் மடக்கியது. 1,048,576 வரிசைகள், எல்லாம் வெறுங்கட்டங்கள். சொந்தக் கணக்கு ஏதாவது போடுங்கள் என்றார் ஆசிரியை. எங்களிடம் சொந்தமாக இருந்தது வேலைசெய்த மணித்தியாலங்கள்தான்.

கிழமைக்கு 60. மணிக்கு 10.25 டொலர், ஒன்ராறியோவில் அப்போதைய ஆகக்குறைந்த சம்பளம். 615 வந்தது. கையில் கிடைப்பதும் அதுவே, சரியென்றிருந்தோம். ஆசிரியை எட்டிப்பார்த்தார். 44 மணிக்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு, அதுதான் சட்டம் என்றார். சூத்திரத்தைத் திருத்தினோம். 697.

கிழமைக்கு 82 டொலர் குறைகிறது. ஒருவன் அந்தக் கட்டத்தைப் பிடித்து 52 வரிசைக்குக் கீழே இழுத்துக் கூட்டினான். 4,264. ஒருவரும் பேசவில்லை.

முதலாளி ஊர்க்காரர். வந்த புதிதில் எங்களுக்குக் குளிருடுப்பு வாங்கித் தந்தவர். (அதை எந்தக் கட்டத்தில் போடுவது?) தாளை மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு மூன்றுநாள் சட்டி தேய்த்தோம். நாலாம்நாள் மூவருமாகப் போய் நீட்டினோம்.

அவர் தாளைப் பார்க்கவில்லை.

“கொம்பியூட்டர் படிக்கிறியளோ?” என்றார்.