ஒரு யூனிட்டின் ஊர்

ஈபி கார்டில் எத்தனை யூனிட் ஓடியது என்று இருக்கும், எவ்வளவு கட்ட வேண்டும் என்று இருக்கும். அந்த யூனிட் எங்கே பிறந்தது என்று இருக்காது. அரிசிக்கு ஊர் கேட்கிறோம், மாம்பழத்துக்குக் கேட்கிறோம். கரண்டுக்கும் கேட்டுப் பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

எங்கள் பகுதித் துணை மின்நிலையத்தில் இருந்தவர், "மேலேருந்து வருது சார், எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். 1932இல் பைக்காரா அருவி நீரில் மின்சாரம் எடுத்த காலத்தில் கோயம்புத்தூர் ஆலைக்காரர் தன் கரண்டுக்கு ஊர் சொல்லியிருக்க முடியும். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்துவிட்டது. இனி எந்த வீட்டுக்கும் தனி ஊர் கிடையாது.

தேடலை அங்கேயே விட்டிருப்பேன். ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்தான் வழி காட்டினார். "ஊரைக் கேக்காதீங்க தம்பி, நேரத்தைக் கேளுங்க. எத்தனை மணிக்கு ஸ்விட்ச் போடுறீங்களோ, அதுதான் அதோட ஊர்."

நண்பகல் என்றால் கமுதியில் 2016 முதல் இயங்கும் 648 மெகாவாட் சூரியப் பூங்கா போன்றவற்றின் பங்கு அதிகம். ஆடி மாதம் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இரவு பத்து மணிக்கு ஏசி போட்டால்? பெரும்பாலும் நிலக்கரி. அந்தக் கரி ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டப்பட்டு, பாராதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கு வந்ததாக இருக்கலாம். நெய்வேலியுடையதாகவும் இருக்கலாம்.

நெய்வேலிக்குப் போனேன். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை அது. 1956இல் நிறுவனம் பிறந்தது, 1962இல் மின்சாரம் வந்தது. என்னை உறுத்தியது தண்ணீர்தான். கரிப்படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் நிற்கிறது. இராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியிலும் ஏறக்குறைய பாதி ஈரம். எரியும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தை உலர்த்தவே போகிறது. மிஞ்சியதிலும் பெரும்பகுதி கொதிகலனிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் வெளியேறிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு வெப்பம் மின்சாரமானாலே நல்லது. கிணறுகள் வற்றியதைச் சொல்லும் சுற்றுவட்டார விவசாயிகளின் பேச்சைக் கேட்ட பிறகு, ஒரு யூனிட்டை வெறும் எண்ணாக என்னால் பார்க்க முடியவில்லை.

உலக மின்சாரத்தில் இன்னமும் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இந்தியரின் சராசரி ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட். அமெரிக்கருக்கு அதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். ஆகவே, குறைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரையும் பார்த்து ஒரே குரலில் சொல்வது நியாயமில்லை. நம் ஊரில் பல வீடுகளுக்கு இன்னும் கூடுதலாகவே தேவை. அந்தக் கூடுதல் எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

பகல் வெயிலை இரவுக்கு எடுத்து வைக்கும் வழியும் புதிதல்ல. ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம் 1980களிலேயே வந்துவிட்டது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்று நீரை மலைக்கு ஏற்றி, தட்டுப்பாடு வரும்போது இறக்கிச் சுழலியை ஓட்டுகிறார்கள். இதுபோல இன்னும் பல வேண்டும். குந்தாவில் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் நிலையம் இவ்வளவு காலம் இழுத்திருக்கக் கூடாது.

தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் இருக்கிறது. வீடுகளுக்கும் நண்பகலில் கட்டணத்தைக் குறைத்துப் பார்க்கட்டும். தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் நான் இப்போதே பகல் பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது என்பதால், நேரம் குறித்து வைக்கும் ஸ்விட்சை மானியத்தில் கொடுக்கலாம் என்று மின்வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன்.