குழாயில் இளஞ்சிவப்பு வரும்வரை

ஸ்காபரோவில் மார்க்கம் ரோட்டைப் பிடித்து வடக்கே போனால், மார்க்கம் நகரைத் தாண்டியதும் அதே சாலை ஹைவே 48 ஆகிவிடுகிறது. கட்டடங்கள் குறைந்து சோளக்காடு தொடங்குகிறது. கனடாவில் தேங்ஸ்கிவிங் முடிந்த அக்டோபர் வாரம் அது. அறுவடையான வயல்களில் தட்டை மட்டும் நின்றது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்டி, மவுண்ட் ஆல்பர்ட்டுக்குத் திரும்பும் இடத்தை நெருங்கியதும் கம்பி வேலி போட்ட பெரிய சரளைத் திடல் தெரிந்தது. உள்ளே மோட்டார் ஹோம்களும் இழுவை டிரெய்லர்களும் படகுகளும் வரிசை வரிசையாக நின்றன. வாசல் பலகையில் வாடகை எழுதியிருந்தது: மாதம் 85 டாலர், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மொத்தமாகக் கட்டினால் 450.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல காலமாக ஸ்காபரோவில் இருக்கும் ஓர் அண்ணையும் அவர் மனைவியான அக்காவும் தங்கள் மோட்டார் ஹோமைக் குளிர்காலத்துக்கு நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்துதான் போனேன். கடையில் விட்டால் இருநூறு டாலருக்குள் ‘வின்டரைஸ்’ செய்து, அதாவது குளிரைத் தாங்கத் தயார்படுத்தி, சீட்டும் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பலர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். இவர்கள் மட்டும் ஒரு நாளை முழுதாகச் செலவழித்துத் தாங்களே செய்கிறார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

வண்டி 28 அடி நீளம். ஃபோர்ட் ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டியது. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் இன்னொன்று, நடுவே அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை, குளியல். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணை இன்னும் நிறுத்தும் இடத்தையே முடிவு செய்யவில்லை. திடல் பொறுப்பாளர் காட்டியது வேலியோரப் புல்தரை. அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. புல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அடிப்பாகம் துருப்பிடிக்கும், எலிக்கும் வசதி என்றார். கொஞ்சம் பேசி, நடு வரிசையில் நல்ல சரளை போட்ட இடம் ஒன்றை வாங்கினார். ஆறு டயருக்கும் அடியில் பலகை வைத்தார்கள். டயர்ப் பக்கவாட்டில் எழுதியிருந்த உச்ச அளவான 80 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றினார். ஹேண்ட் பிரேக் போடவில்லை. மாதக்கணக்கில் இழுத்து வைத்தால் பின்சக்கரத்தில் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளுமாம். கியரைப் பார்க்கில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். ஒரு டயரின் ஓரத்தில் கடைசி நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2319. 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். டயர் தேயாமல் அழகாக இருந்தது. ஆனாலும் வசந்தத்தில் மாற்றப் போகிறாராம். இந்த வண்டிகளின் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று காய்ந்து வெடிப்பதுதான் அதிகம். விரலால் அழுத்தியபோது பக்கவாட்டில் மெல்லிய கீறல்கள் விரிந்தது எனக்கே தெரிந்தது.

பெட்ரோலை வழியிலேயே முழுக்க நிரப்பிவிட்டார், லிட்டர் 1 டாலர் 39 சென்ட். டாங்கின் கொள்ளளவு 208 லிட்டர். அரைகுறையாக விட்டால் மேலே இருக்கும் காற்றின் ஈரம் உள்ளே படியும். நிரப்பும்போதே பெட்ரோல் கெடாதிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றியிருந்தார். ஊற்றினால் மட்டும் போதாது, அந்தக் கலவை எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் போய்ச் சேர வேண்டும். அதனால் ஜெனரேட்டரை ஒரு மின்ஹீட்டரோடு இணைத்து இருபது நிமிடம் ஓடவிட்டார். கெட்டுப்போன பெட்ரோல் முதலில் அடைப்பது ஜெனரேட்டரின் கார்புரேட்டரைத்தான். ‘மாசம் ஒருக்கா வந்து அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணினால் போதும்’ என்று பொறுப்பாளர் எல்லாரிடமும் சொல்கிறாராம். அண்ணை அதைச் செய்வதில்லை. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சரியாகச் சூடாகாது, ஈரம்தான் உள்ளே சேரும், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பாது.

பிறகு வந்ததுதான் அன்றைய பெரிய வேலை, தண்ணீர். ‘தண்ணி நிண்டால் உறையும், உறைஞ்சால் வீங்கும். வீங்கினது எங்க போகும் தம்பி? பைப்பைத்தான் வெடிக்க வைக்கும்’ என்றார் அண்ணை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. இந்தப் பக்கம் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20க்குக் கீழே போவதும் உண்டு. கழிவுத் தொட்டிகளைக் கடைசியாகத் தங்கிய முகாமிலேயே காலி செய்து கழுவியிருந்தார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியின் திருகை இங்கே திறந்துவிட்டார்கள். அடியில் சிவப்பு, நீல மூடியோடு இரண்டு சிறு குழாய்கள் தொங்கின. அவற்றையும் திறந்ததும் சரளை மேல் கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

அடுத்தது வாட்டர் ஹீட்டர், 23 லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டி. முதல் நாளே அணைத்திருந்தாலும் அண்ணை கையை வைத்துச் சூடில்லை என்று பார்த்தார். சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் வெளிக் கதவைத் திறந்தார். சூட்டோடும் அழுத்தத்தோடும் திருகினால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். பெரிய சாக்கெட் ரெஞ்சைப் போட்டு அவர் இழுக்க, திருகு கிறீச்சிட்டு வந்தது. அதோடு சேர்ந்து ஒரு சாண் நீளக் கம்பியும் வெளியே வந்தது. அதுதான் ஆனோட், மக்னீசியத்தில் செய்தது. புதிதாக இருக்கும்போது விரல் தடிமன் இருக்குமாம். இதுவோ அங்கங்கே அரிக்கப்பட்டு, குழி குழியாகி, நுனிப் பக்கம் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியே வெளியில் தெரிந்தது. தண்ணீர் தொட்டியை அரிக்காமல் இதை அரிக்கட்டும் என்றுதான் உள்ளே வைக்கிறார்கள். புதியது 20 டாலர் சொச்சம். தொட்டியிலிருந்து கடைசியாக வந்த தண்ணீரில் வெள்ளை மணல்போல உப்புப் படிவம் கொட்டியது. அதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றிருந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு பலகையைக் கழற்றினால் பைபாஸ் வால்வுகள். அவற்றைத் திருப்பினால் ஹீட்டர் குழாய்ப் பாதையிலிருந்து ஒதுங்கிவிடும். இதை மறந்தால், உறையாமலிருக்கக் குழாய்களில் விட வாங்கி வந்த ஆன்டிஃப்ரீஸ் முழுவதையும் அந்த 23 லிட்டர் தொட்டியே விழுங்கிவிடும். பிறகு வெளியே தண்ணீர் இணைப்பு வாயில் சின்ன கம்ப்ரசரை மாட்டி 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று விட்டார். அக்கா உள்ளே நின்று ஒவ்வொரு குழாயாகத் திறந்தார். சீறலும் துப்பலுமாக மிச்சத் தண்ணீர் வந்தது.

‘காத்தோட விட்டிடுறவையும் இருக்கினம். நான் பின்க் வாறதைக் கண்ணால பாத்தால்தான் நம்புவன்’ என்றார் அண்ணை. இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் 3.78 லிட்டர் கேன்களாக ஐந்து வாங்கி வைத்திருந்தார், ஒன்று 6 டாலர் 99 சென்ட். மூலப்பொருள் புரொப்பிலீன் கிளைக்கால். எஞ்சினில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு. குடிநீர்க் குழாயில் அது ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது. கேனின் முகப்பில் பெரிதாக மைனஸ் 45 என்று போட்டிருந்தது. திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தேன். குழாய் வெடிக்காமல் காக்கும் வெப்பநிலை அது. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், ஆனால் குழாயை உடைக்கும் அளவுக்கு இறுகாது. உள்ளே தங்கிய தண்ணீர் கலந்தால் அந்தக் காப்பும் குறையும். முதலில் இவ்வளவு பாடுபட்டு வடித்தது அதற்காகத்தான்.

பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டு பம்பைப் போட்டார்கள். அக்கா சமையல் குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளைக் கோப்பையைப் பிடித்தார். முதலில் காற்று, பிறகு நிறமில்லாத தண்ணீர், பிறகு வெளிறிய ரோஜா நிறம். நான் போதும் என்று நினைத்தேன். அக்கா கோப்பையைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். ‘இது காணாது, இன்னும் தண்ணி கலந்திருக்கு.’ கேனில் இருக்கும் அதே அழுத்தமான நிறம் கோப்பையில் வந்த பிறகுதான் மூடினார். குளிர்நீர், சுடுநீர், குளியல், கழிவறை என்று ஒவ்வொன்றுக்கும் அதே கோப்பைதான். எல்லாம் முடிந்ததென்று பம்பை அணைக்கப் போனபோது, வண்டியின் வெளிப்பக்கம் பூட்டிய சின்னக் கதவு ஒன்று என் கண்ணில் பட்டது. என்ன இது என்றேன். ‘வெளி ஷவர். உதைத்தான் எல்லாரும் மறக்கிறவை’ என்று திறந்தார் அண்ணை. உள்ளே அவ்வளவு குழாயிலும் இளஞ்சிவப்பு வந்த பிறகும், இதிலிருந்து அரைக் கோப்பை தெளிந்த தண்ணீர் வந்தது. அந்த அரைக் கோப்பை போதும், ஏப்ரலில் சுவருக்குள் ஒழுக.

கழிவுத் தொட்டிகளுக்குப் போகும் வளைவுக் குழாய் ஒவ்வொன்றிலும் மேலிருந்து ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸ் ஊற்றினார்கள். மூன்று கேன் தீர்ந்தது, இரண்டு மிஞ்சியது.

வீட்டுப் பகுதியின் பேட்டரிகளைக் கழற்றுமுன் மீட்டர் வைத்தார், 12.7 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி இந்த ஊர்க் குளிரில் உறையாது. காலியானது மைனஸ் 7 அளவிலேயே உறைந்து பிளந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்தாலும் எரிவாயுக் கசிவு காட்டும் கருவி ராப்பகலாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும், எனவே அங்கேயே விட்டால் காலியாவது நிச்சயம். மைனஸ் முனையை முதலில் கழற்றி, பேட்டரிகளை என் காரில் ஏற்றினோம். இரண்டும் நல்ல பாரம். எரிவாயு வால்வையும் மூடினார்.

வெயில் ஏறி 12 டிகிரி வந்ததும் ஏணி போட்டுக் கூரைக்குப் போனோம். காற்றுப் போக்கியைச் சுற்றிப் பூசிய சீலன்ட்டில் மயிரிழை விரிசல். விரலால் அழுத்தினால் ஓரம் எழும்பியது. டைகார் சீலன்ட் ஒரு டியூப் 22 டாலர். விரிசல் மேல் பிழிந்ததும் அது தானே பரவிச் சமனானது. உறைந்து உருகும் பனி இந்த இழைக்குள் புகுந்தால் கூரைப் பலகையே இற்றுவிடும். கூரையை இப்படி மண்டியிட்டுப் பார்க்காமல் ஒரு வண்டியை நிறுத்துவது தவறு என்றே நான் இப்போது நினைக்கிறேன்.

எலி விஷயத்தில் பொறுப்பாளர் உறுதியாக இருந்தார். இந்தத் திடலில் எலியே கிடையாது, சந்தேகமிருந்தால் துணி உலர்த்தும் எந்திரத்தில் போடும் வாசனைத் தாள்களை உள்ளே வையுங்கள் என்றார். அக்கா ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். போன வருடம் இதே திடலில், கரண்டி வைக்கும் இழுப்பறைக்குள் ஓர் எலிக்கூடு. அந்த வாசனைத் தாளையே கிழித்து மெத்தை கட்டியிருந்தது எலி. இந்த முறை ஒரு பருப்புகூட உள்ளே விடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் துண்டு வைத்துத் திறந்தே விட்டார், மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். அண்ணையும் நானும் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தோம். பென்சில் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும். மின்கம்பி வெளியே வரும் துளை, கழிவுக் குழாய் ஏறும் இடம் என்று தேடித் தேடி செம்புக் கம்பி வலையைத் திணித்தார். எஃகுக் கம்பளி துருப்பிடித்து உதிர்ந்துவிடுகிறதாம்.

அங்கே படுத்திருந்தபோதுதான் பக்கத்து டிரெய்லரின் அடியில் சரளை நனைந்திருந்ததைக் கவனித்தேன். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. ஆனால் மற்ற வண்டிகளுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. தவழ்ந்து போய்ப் பார்த்தேன். நீல மூடிக் குழாயிலிருந்து நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் பிடித்தேன், நிறமே இல்லை. கதவில் ‘வின்டரைஸ் செய்யப்பட்டது’ என்று ஒரு கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. பொறுப்பாளரிடம் சொன்னேன். சீட்டு இருக்கிறதே, ஏசித் தண்ணீராக இருக்கும் என்றார். ஏசி ஓடாத வண்டியில் ஏசித் தண்ணீர் எப்படி வரும் என்று நான் விடாமல் கேட்டதால், உரிமையாளரை அழைத்தார்.

அவர் பக்கத்துக் கிராமத்தில்தான் இருக்கிறார், பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். 189 டாலர் கட்டிய ரசீதைக் காட்டினார். அக்கா தன் வெள்ளைக் கோப்பையை நீட்டி, குழாயைத் திறந்து பாருங்கள் என்றார். பம்ப் முனகியது. சமையல் குழாயில் வந்தது பளிங்குத் தண்ணீர். சுடுநீர்ப் பக்கமும் அதேதான். அந்த மனிதர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றிரவு மைனஸ் 4 என்று வானிலை அறிக்கை சொன்னது.

மிஞ்சிய இரண்டு கேனையும் அண்ணை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் 20 டாலர் தாளை நீட்ட, அக்கா கணக்காக 6 டாலர் திருப்பிக் கொடுத்தார். ஹீட்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடிருந்தால் திறக்க வேண்டாம், பைபாஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே, அண்ணை சாக்கெட் ரெஞ்சை எடுத்துக்கொண்டு அவருடைய டிரெய்லருக்குப் பின்பக்கம் நடந்தார்.