கால் ஆணி என்று நினைத்தேன்

வயிற்றில் பிள்ளை இருந்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா சொன்னார். கிளினிக்கில் தாதியும் சொன்னார். என் மாமியார் ஒருபடி மேலே போய், “நாங்களெல்லாம் தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டே பிள்ளை பெத்தவங்கம்மா” என்றார். அதற்குமேல் நான் என்ன பேசுவது?

ஆறாம் மாதத்தில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டு மாடிப்படியை ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கணவர் கை கொடுக்க வேண்டும். வாத்து மாதிரி நடக்கிறாய் என்று அலுவலகத்தில் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

உண்மையில் அந்த வலி கர்ப்பத்தோடு வந்ததல்ல. அதற்கு ஓராண்டு முன்பே குதிகாலிலும் விலாவிலும் வலி இருந்தது. வைட்டமின் டி குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டேன், குறையவில்லை. கர்ப்பம் தரித்த பிறகு எல்லா வலிக்கும் அதுவே காரணமாகிப்போனது.

ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது ஓர் இளம் மருத்துவர் இருந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு நான் எழுவதைக் கவனித்தவர், “இந்த வலி கர்ப்பத்துக்கு முன்னாடியே இருந்ததா?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

இரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொன்னார். வழக்கமான கர்ப்பகாலச் சோதனைகளில் அது இல்லை. 0.8க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 0.4தான் இருந்தது. சிறுநீரில் பாஸ்பேட் வீணாகிக்கொண்டிருந்தது.

அடுத்து, நிபுணர் ஒருவர் என்னைத் தலை முதல் பாதம் வரை தடவிப் பார்த்தார். உள்ளங்காலில் பட்டாணி அளவு கட்டி. “அது கால் ஆணி டாக்டர், மூணு வருஷமா இருக்கு” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எலும்பு உறுதியாக இருக்கப் பாஸ்பேட் வேண்டும். எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் அளவுக்கு மீறினால் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். எலும்பு மெல்ல மென்மையாகும். இந்த ஹார்மோன் கண்டறியப்பட்டதே 2000ஆம் ஆண்டில்தான். மிக அரிதாக, ஒரு சிறு கட்டி இதை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. அகற்றிவிட்டால் நோயும் தீரும்.

ஆனால் கட்டியை உறுதிசெய்யும் பெட் ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. குழந்தை பிறக்கும்வரை காத்திருக்க முடிவானது. கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ மட்டும் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் கீறல் தெரிந்தது. ‘எல்லாருக்கும் வரும் வலி’யோடு நான் நடந்துகொண்டிருந்தது உடைந்த எலும்பில்.

நீரில் கரைக்கும் பாஸ்பேட் மருந்தை ஒரு நாளைக்கு நான்கு வேளை குடித்தேன். கூடவே, உடல் நேரடியாகப் பயன்படுத்தும் வகை வைட்டமின் டியும் கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு பாஸ்பேட்டைச் சேர்த்துக் குடிக்கக் கூடாது. அதனால் இரவு மருந்துக்கு அலாரம் வைத்தேன். அலாரம் அடிப்பதற்கு முன்பே மாமியார் தம்ளரோடு கட்டிலருகே நிற்பார். மரம் வெட்டிய கதையை அவர் பிறகு சொல்லவே இல்லை.

எனக்கிருந்த பயம் ஒன்றுதான். என் பிள்ளையின் எலும்பும் இப்படி ஆகிவிடுமா?

அறுவை சிகிச்சையில் மகள் பிறந்தாள். அவள் இரத்தத்தைச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அன்றுதான் வாய்விட்டு அழுதேன். சில வாரங்களில் பெட் ஸ்கேன் அந்தக் ‘கால் ஆணி’யைத்தான் காட்டியது. அகற்றிய ஒரு வாரத்தில் பாஸ்பேட் தானாகவே ஏறியது. எலும்பு தேற மாதக்கணக்கானது. மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய நாளை மறக்க முடியாது.

கர்ப்ப காலத்து இடுப்பு வலி பெரும்பாலும் சாதாரணமானதே. பயப்பட வேண்டாம். ஆனால் படி ஏற முடியவில்லை, எழ முடியவில்லை, வலி முன்பே இருந்தது என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். “பாஸ்பேட் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

போன வாரம் உறவுக்காரப் பெண்ணொருத்தி கர்ப்பமாக வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கேட்டார்: “எப்போலேருந்தும்மா வலிக்குது?”