அந்த நூறு பேரு எந்த ஊரு?

பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வயசு 68, கட்டி ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள, அக்குளில் பரவவில்லை. இனி கீமோ கொடுப்பதா, ஹார்மோன் மாத்திரையோடு விடுவதா என்பதுதான் கேள்வி. டாக்டரம்மா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

'பிரெடிக்ட்' என்று பேர். கேம்பிரிட்ஜ்காரர்கள் செய்தது. வயசு, கட்டியின் அளவு, கிரேடு, ஹார்மோன் ரிப்போர்ட் எல்லாம் போட்டால், இப்படிப்பட்ட நூறு பெண்களில் எத்தனை பேர் பத்து வருஷம் கழித்தும் இருப்பார்கள் என்று காட்டும். ஆபரேஷன் மட்டும் என்றால் 71 பேர். மாத்திரை சேர்த்தால் கூட 3 பேர். கீமோவும் சேர்த்தால் இன்னும் ஒருத்தர். மிச்சம் 25 பேரும் இந்த நோயால்தான் போவார்கள் என்றில்லை. வயசு, வேறு வியாதி என்று போகிறவர்களைத் தனியாகவே காட்டுகிறது.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்த நூறு பேரு எந்த ஊருங்க?" என்றார் பெரியம்மா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முதலில் அது உருவானது 1999 முதல் 2003 வரை கிழக்கு இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்த சுமார் 5,700 பெண்களின் கணக்கிலிருந்து என்று பொறுமையாகச் சொன்னார்.

நம்ம மண் பரிசோதனை அட்டை மாதிரிதான். ஏக்கருக்கு இவ்வளவு யூரியா, இவ்வளவு பொட்டாஷ் என்று சரியாத்தான் சொல்லும். கிணத்துல தண்ணி இருக்கான்னு அதுக்குத் தெரியாது. மூணு வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு பஸ் மாறி கோயமுத்தூர் போகணும், நடுராத்திரி காய்ச்சல் வந்தா யார் கூட்டிட்டுப் போறது, கறவை மாடு ரெண்டை யார் பார்க்கிறது, இதுக்கெல்லாம் அதில் கட்டமே இல்லை.

ஐபிஎம் கம்பெனியின் வாட்சன் இதைவிட ஒருபடி மேலே போய், இந்த மருந்தைக் கொடு என்றே சொன்னது. பெங்களூரு மணிப்பால் மருத்துவமனையில் 638 மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு ஒப்பிட்டுப் பார்த்ததில் 93 சதவீதம் டாக்டர்களோடு ஒத்துப்போனதாம். 2022இல் அந்த மருத்துவத் தொழிலையே ஐபிஎம் விற்றுவிட்டது. எனக்கென்னவோ, எண்ணிக்கையைத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கிற கருவிதான் பிடிக்குது.

"ஒருத்தருக்காக நூறு பேருக்கும் முடி கொட்டணுமா?" என்றார் பெரியம்மா.

"அந்த ஒருத்தர் நீயா இருந்தா?" என்றான் அண்ணன். குரல் உடைஞ்சிடுச்சு.

பெரியம்மா ஒரு நாள் யோசிச்சாங்க. மாத்திரை மட்டும் போதும்னு சொல்லிட்டாங்க. அண்ணன் ரெண்டு நாள் யாரோடும் பேசலை. மாத்திரை தினம் ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு. பால் சொசைட்டி அட்டை வைக்கிற மாடத்துலயே அதையும் வெச்சிருக்காங்க.