தூத்துக்குடியில ஒரு வீடு

போன கோடையில மகனுக்கும் எனக்கும் ஃபோன்ல சண்டை. கோடை உழவுக்கு டிராக்டர் கூலி கொடுக்கணும், ஒரு 5,000 அனுப்புப்பானு கேட்டேன். "இப்ப இல்லப்பா" என்றான். மாசம் பிறந்தா சம்பளம் வாங்குறவன், ஐயாயிரம் இல்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கு அங்க என்னலே செலவு? தினமும் ஓட்டல்ல திங்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லாம வச்சிட்டான். அப்புறம் ஒரு மாசம் அவங்க அம்மாகிட்டதான் பேசினான்.

ஆடி மாசம் மானாவாரிக்காரனுக்கு வேலை குறைவு. மருமகளைப் பார்க்கணும்னு வீட்டுக்காரி பிடிவாதமா நின்னா. ஆட்டைப் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சிட்டு, அஞ்சு கிலோ உளுந்து, கருப்பட்டி, வத்தல், செக்குல ஆட்டின நல்லெண்ணெய் எல்லாம் கட்டிக்கிட்டு விளாத்திகுளத்துல பஸ் ஏறினோம். நாலு நாள் இருந்துட்டு வர்றதா ஏற்பாடு.

அவன் தூத்துக்குடியில துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்கான். கல்யாணத்துக்கு முன்னாடி நாலு பசங்களோட ஒரே ரூம்ல இருந்தான். ஆளுக்கு 1,500 வாடகை. அப்ப வீட்டுக்கு மாசம் 3,000 அனுப்புவான். 2024 வைகாசியில கல்யாணம் ஆச்சு. ஆடி கழியட்டும்னு இருந்து, ஆவணி பிறந்ததும் தனி வீடு பார்க்கப் போனோம். அன்னைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது.

முத்தையாபுரம் பக்கம் ரெண்டு நாள் அலைஞ்சோம். ஒரே தெருவுல, ஒரே அளவு வீடு. கீழ்வீடு 5,000, மாடி 6,000. ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டேன். தரகர் பேசாம சுவத்தைக் காட்டினார். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு காவிக் கோடு. 2023 டிசம்பர் மழையில தண்ணி நின்ன கோடு. வெள்ளை அடிச்சும் போகல. அந்த மழையை நான் மறக்க முடியுமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டினதே, அந்த மழைதான் எங்க கரிசல்ல நின்ன உளுந்தையும் பாசியையும் அழுக வச்சது. அங்க பயிர் போச்சு, இங்க மாடி வாடகை ஏறிப்போச்சு. மாடியே பார்ப்போம்னு சொல்லிட்டேன்.

இன்னொரு வீடு நல்லா காத்தோட்டமா இருந்தது. வீட்டுக்காரர் எந்த ஊருன்னு கேட்டார், சொன்னேன். ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டார். எங்க பக்கத்துக்காரங்களுக்கு அந்தக் கேள்வி என்னன்னு தெரியும். அதையும் சொன்னேன். "நாளைக்குத் தகவல் சொல்றேன்" என்றார். நாளைக்கு வரவே இல்லை. அந்த மாதிரி ரெண்டு வீடு. கடைசியில கிடைச்ச மாடிக்கு வாடகை 6,000, அட்வான்ஸ் 40,000. தரகருக்கு ஒரு மாச வாடகை. சாமான் ஏத்திட்டுப் போன குட்டியானைக்கு 3,000. முதல் மாச வாடகையும் சேர்த்து 55,000 ஆச்சு, பாத்திரத்துல பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே. நான் மூணு குட்டியை வித்து 20,000 கொடுத்தேன். அவன்கிட்ட 15,000 இருந்தது. மிச்சம் 20,000-த்தை "ஃப்ரெண்டுகிட்ட வாங்கிக்கிடுறேன்பா" என்றான். நானும் நம்பிட்டேன்.

இப்ப ஆடிக் கதைக்கு வருவோம்.

போன முதல் நாள் ராத்திரி வீட்டுக்காரி என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டா. மெதுவா, "அவ கழுத்தைப் பார்த்தீகளா?" என்றாள். நான் எங்க பார்த்தேன். "மஞ்சக் கயிறுதான் கிடக்கு. பொங்கலுக்கு வந்தப்பப் போட்டிருந்தது கவரிங்கு. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்." அந்த ஃப்ரெண்டு யாருன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சது. சங்கிலி ஒரு வருசமா அடகுல கிடக்கு. வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிற நேரமும் வந்துட்டுது.

அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. கடல் காத்து ஜன்னல் வழியா வருது, ஆனா மேல் பூரா பிசுபிசுன்னு. எங்க ஊர்க் காத்து சுடும், ஆனா காயும்.

மறுநாள் மகன் ஷிஃப்டுக்குப் போனதும் மருமகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, மாசச் செலவை ஒரு நோட்டுல எழுதிக் காட்டு" என்றேன். அவ சங்கடப்பட்டா. "மாமா, அவங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க" என்றாள். அப்புறம் எழுதினா. பிடித்தம் போகக் கையில வர்றது 18,600. வாடகையும், தண்ணிக்குன்னு தனியா வாங்குற 300-ம் சேர்த்து 6,300. கரண்ட் 810. இதைக் கேட்டதும் எனக்குத் திகைப்பா இருந்தது. எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் தாண்டாது, அதனால பில்லே கிடையாது. இங்க மீட்டர் வீட்டுக்காரர் பேர்ல. அவர் சின்ன மீட்டர் ஒண்ணு வச்சு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குறார். அரசாங்கம் கொடுக்கிற இலவசம் மாடிப்படி ஏறல.

தண்ணி இன்னொரு கதை. போர்ல வர்றது உப்பு. சோப்பு நுரைக்கல, குளிச்சா தலைமுடி கயிறு மாதிரி ஆகுது. குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்ச நேரம் வரும், கீழ இருந்து குடத்துல தூக்கணும். குடிக்க, சமைக்கக் கேன் தண்ணி. மாசம் பத்துக் கேன் 350. கேஸ் மாசத்துக்குப் பிரிச்சா 600, அரை லிட்டர் பால் 780, மளிகை 3,000. எங்க கார்டுல இருந்து அவன் பேரை நீக்கிப் புதுக் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்காங்க, இன்னும் வரல. அதனால அரிசி, சீனி, பருப்பு எல்லாம் கடை விலைதான். காய், மீனுக்கு 2,000. கடல் பக்கத்துல இருந்தா மீன் சல்லிசுன்னு நான் நினைச்சிருந்தேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், பெரிய படகு போகாது. அப்ப மீன் பக்கமே போறதில்லையாம். மத்த நாள்லயும் சாளைதான். சீலா வாங்கினதே நாங்க வந்த அன்னைக்குத்தானாம். அது தெரியாம நான் ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்னுருக்கேன்.

பெட்ரோல் 1,800. பைக் தவணை 2,850. அந்த பைக் வாங்கி ரெண்டு வருசம் ஆகல, உப்புக் காத்துல செயின், ஆணி எல்லாம் துரு ஏறிக் கிடக்கு. டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. அதனால மார்க்கெட்டுக்குப் போறது வர்றது மருமகதான். அந்தச் செலவு மட்டும் மிச்சம்.

எல்லாத்தையும் கூட்டினா 18,490. மீதி 110 ரூபாய். ரெண்டு ஃபோனுக்கு ரீசார்ஜ் எழுதலையேன்னு கேட்டேன். "அது ஓவர்டைம் வந்தாத்தான் மாமா" என்றாள். சீக்கு, கல்யாணம், காதுகுத்து எதுவும் அந்த நோட்டுல இல்லை. அடகு வட்டியும் இல்லை.

நான் மனசுக்குள்ள வேற கணக்குப் போட்டேன். தை அறுப்புல உளுந்து எங்ககிட்ட குவிண்டால் 7,000-க்கு எடுத்தாங்க. அப்படின்னா இவன் வாடகையும் கரண்டும் சேர்த்து மாசம் ஒரு குவிண்டால். மானாவாரியில ஏக்கருக்கு மூணு குவிண்டால் கண்டா நல்ல வெள்ளாமை. அதுவும் உழவு, விதை, களையெடுப்பு, மருந்து எல்லாம் கழிக்காம. நாலு ஏக்கர்க்காரன் நான். வருசம் பூரா வெயில்ல நின்னு எடுக்கிற மகசூல் முழுசும் அவனுக்கு இருட்டுக்கு ஒரு விளக்கும் தலைக்கு மேல ஒரு கூரையும்தான். "ஊருக்கே வந்துருப்பா"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்து என்ன பண்ணுவான்?

அதே கடைத்தெருவுல மருமக வாங்கிக்கிட்டு வந்த உளுந்துப் பாக்கெட்டைப் பார்த்தேன். நான் வித்த விலைக்கும் அதுல ஒட்டியிருந்த விலைக்கும் நடுவுல எத்தனை பேர் சாப்பிட்டிருக்காங்களோ. தூத்துக்குடி உப்பளத்துக்காரனும் தெருமுனைக் கடையில உப்பு வாங்கும்போது இப்படித்தான் பார்ப்பான்போல.

மூணாம் நாள் காலையில வீட்டுக்காரம்மா மேல வந்தாங்க. நல்ல மாதிரிதான் பேசினாங்க. "ஊர்ல இருந்து வந்திருக்கீங்களா, சந்தோசம். மோட்டார் ரெண்டு தடவை போட வேண்டியிருக்கு, அதான், இந்த மாசம் தண்ணிக்கு ஒரு 200 சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்க." மருமக முகம் செத்துப்போச்சு. நான் சட்டைப்பையில இருந்து 200-ஐ எடுத்துக் கொடுத்தேன். அவங்களைக் குத்தம் சொல்லல, மோட்டார் ஓடுறது அவங்க கரண்ட்டுல.

அன்னைக்கு மத்தியானமே கிளம்புறதா சொல்லிட்டோம், ஆட்டுக்குட்டிக்கு மேலுக்குச் சுகமில்லைன்னு ஒரு பொய். மகன் அரைநாள் லீவு போட்டு வந்து பழைய பஸ் ஸ்டாண்டுல ஏத்திவிட்டான். அவங்க அம்மா கையில மக்ரூன் பொட்டலம் ஒண்ணைத் திணிச்சான். திட்டப் போனேன், திட்டல.

"எப்பா, அந்த ஐயாயிரம்..." என்று ஆரம்பிச்சான்.

"உழவு முடிஞ்சிருச்சுலே. டிராக்டர்காரன் நம்ம பயதான், அறுப்புக்குக் கொடுத்தாப் போதும்னுட்டான்" என்றேன். அது பொய்யில்லை.

சங்கிலியைப் பத்தி அவன்கிட்ட நான் கேட்கல. பஸ்ல வரும்போது வீட்டுக்காரிதான் சொன்னா, தையில முதல் மூடை உளுந்துப் பணத்தைத் தொடாம வைக்கணும்னு. ஒரு மூடை பத்தாது, மூணாவது வேணும் என்றேன். விதை உளுந்து வேப்பிலை போட்டு டிரம்முல கிடக்கு. வெதைப்புக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.